நிமிர்ந்து இருந்த டம்ளர்

ஊசிமுனை தோலைத் தொட இன்னும் ஒரு நெல்லளவு இருக்கும்போதுதான் டம்ளருக்குள் தண்ணீர் கிடப்பதைப் பார்த்தேன். கொஞ்சம்தான், அடியில், யாரோ அண்ணாந்து குடித்துவிட்டு மிச்சம் வைத்த மாதிரி. கை அப்படியே நின்றுவிட்டது. மடியில் தவிடு, எங்கள் பூனை. அவளுடைய பிடரித் தோலைச் சின்னக் கூடாரமாகத் தூக்கிப் பிடித்திருந்தேன், முன்பெல்லாம் விட்டவுடன் சட்டென்று உள்ளே போகும் தோல், இப்போது விட்டாலும் கொஞ்ச நேரம் கூடாரமாகவே நிற்கிறது, உடம்பில் நீர் இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம் என்று டாக்டர் காட்டிக் கொடுத்திருந்தார். ஊசியை மெதுவாகப் பின்னால் இழுத்தேன். குத்தவில்லை. நான் குத்தவில்லை என்பது எனக்கு நிச்சயம். ஆனால் அப்பா குத்தினாரா என்பதுதான் இப்போது தெரியவில்லை, ஏனென்றால் அதைச் சொல்ல வேண்டிய டம்ளரில் யாரோ தண்ணீர் குடித்திருக்கிறார்கள். இடுப்பளவு உயரமே உள்ள ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் அந்தக் குட்டி எவர்சில்வர் டம்ளரை எங்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லை. காலையில் தவிட்டுக்கு இன்சுலின் போட்டவர் அதைக் கவிழ்த்து வைக்க வேண்டும், சாயங்காலம் போட்டவர் நிமிர்த்தி வைக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். அப்பா போட்ட சட்டம். தாளில் எழுதி ஒட்டலாமே என்று கேட்டதற்கு, "எழுதி வச்சா நேத்து எழுதுனது இன்னைக்கு எழுதுன மாரியே இருக்கும்ட்டி, பாத்திரம் பொய் சொல்லாது" என்றார். பாத்திரம் பொய் சொல்லாதுதான். ஆனால் பாத்திரத்தில் வைகுண்டம் சித்தப்பா தண்ணீர் குடிப்பார்.

அவர்தான், வேறு யார். சங்கரன்கோவிலில் பெரியம்மா மகள் கல்யாணம், அம்மா முந்தாநாளே போய்விட்டாள், அப்பாவைக் கூட்டிப்போக சித்தப்பா விடியக் கார் கொண்டு வந்தார், அப்போது நான் குளித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் கேட்டது. "அண்ணே, மாப்பிள்ளை தாலியைக் கையில வச்சிக்கிட்டு நீ வாரியா நீ வாரியான்னு பாத்துக்கிட்டா இருப்பான்?" அப்புறம் கீழே போய் ஹாரன் அடித்தார், இரண்டு மாடிக்கும் கேட்கிற மாதிரி. அப்பா கதவுக்கு வெளியே நின்று, "உலகு, நான் வாரேன், அவளைப் பாத்துக்க" என்றார். போட்டாச்சு என்று சொன்னாரா? சொல்லவில்லை. போடவில்லை என்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதே இல்லையே, டம்ளர் சொல்லும். நான் ஈரத்தலையோடு வந்து வாசற்படியிலிருந்தே பார்த்தபோது டம்ளர் நிமிர்ந்து இருந்தது. சரி, போடவில்லை, அவசரத்தில் விட்டுவிட்டார் என்று நினைத்து, கோழி வேகவைத்துக் கூழாக்கித் தட்டில் வைத்தேன். தவிடு மோந்தாள். நாலு நக்கு நக்கினாள், தலையைத் திருப்பிக்கொண்டாள். அந்த நாலு நக்கைச் சாப்பாடு என்று கணக்கில் வைத்துக்கொண்டுதான் ஊசியை எடுத்தேன். இப்போது யோசித்தால், சித்தப்பா குடிப்பதற்கு முன்னால் அந்த டம்ளர் எப்படி இருந்தது? கவிழ்ந்து இருந்ததை நிமிர்த்திக் குடித்தாரா, நிமிர்ந்து இருந்ததிலேயே ஊற்றிக் குடித்தாரா? அவர் குடித்துவிட்டு வைக்கும்போது கவிழ்க்க மாட்டார். எங்கும் கவிழ்க்க மாட்டார், ஹோட்டலில்கூட.

ஊசியில் இருந்ததைத் தொட்டியில் பீய்ச்சிவிட்டு வந்தேன். சந்தேகம் இருந்தால் போடாதே, ஒரு வேளை தப்பினால் ஒன்றும் ஆகாது, இரண்டு வேளை சேர்ந்தால் ஆகும், இதை டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார், அப்பாவிடம் ஒரு முறை, என்னிடம் ஒரு முறை, மறுபடியும் அப்பாவிடம். ஞாயிற்றுக்கிழமை, அவர் போனை அணைத்து வைத்திருப்பார். ஆனால் அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாரே. போடவில்லை. எனவே பிரச்சினை முடிந்தது. அப்படித்தான் நினைத்துக்கொண்டு குளுக்கோஸ் பாட்டிலை, இல்லை அது குளுக்கோஸ் இல்லை, உப்புநீர், சிறுநீரகம் செய்ய மறந்த வேலையைத் தோலுக்கடியில் கொஞ்சம் செய்கிற நீர், அதை ஜன்னல் கம்பியில் மாட்டினேன், அதில் மட்டும் எந்தச் சந்தேகமும் கிடையாது, தினமும் காலையில் நான்தான். பெரிய ஊசி. குத்தும்போது ஒரு சின்ன "டக்". தவிடு காதை மட்டும் பின்னால் மடக்கினாள். குழாயில் சொட்டு விழ ஆரம்பித்தது. பாட்டிலில் நான் வரைந்த பேனாக் கோட்டுக்கு நீர் இறங்கும்வரை எழுந்திருக்க முடியாது, அசையவும் கூடாது. தோளுக்குப் பக்கத்தில் ஒட்டகத் திமில் மாதிரி ஒன்று மெல்ல வீங்கும், சாயங்காலத்துக்குள் வடிந்துவிடும்.

உட்கார்ந்த பிறகுதான் அடுத்தது வந்தது. நான் போடவில்லை, சரி. அப்பா போட்டிருந்தால்? போட்டிருந்தால் அது விடியலில் போட்டது, இந்நேரம் உள்ளே போய் வேலை செய்துகொண்டிருக்கும், சர்க்கரையைப் பிடித்துப் பிடித்து இறக்கும், இறக்குவதற்கு வயிற்றில் ஏதாவது வேண்டுமே, இருப்பது நாலு நக்கு. நேற்று ராத்திரியும் சாப்பிடவில்லை. இரண்டு வேளை ஊசிதான் ஆபத்து என்று யார் சொன்னது, வெறும் வயிற்றில் ஒரு வேளை போதுமே. அறிகுறிகளை டாக்டர் சொல்லியிருந்தார், எனக்கு மனப்பாடம்: சோர்ந்து கிடக்கும், கால் பின்னும், தலை தொங்கும், கூப்பிட்டால் திரும்பாது. தவிட்டைப் பார்த்தேன். சோர்ந்து கிடக்கிறாள். சோர்ந்து கிடக்கத்தான் செய்வாள், இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போனவள் வேறு என்ன செய்வாள். போன வாரமே கால் பின்னியது. தலை ஒரு மாதமாகத் தொங்குகிறது. எந்த அடையாளத்தை எடுத்தாலும் அது இரண்டு நோய்க்கும் பொது, ஒரே பட்டா நிலத்துக்கு இரண்டு பேர் சண்டை போடுகிற மாதிரி இந்த நாலு கிலோ உடம்புக்குச் சண்டை போடுகின்றன. நாலு கிலோ இல்லை, இப்போது அவ்வளவு இருக்காது. தேன் தடவலாம். பல் ஈறில் தேன் தடவினால் சர்க்கரை ஏறும். ஆனால் அப்பா போட்டிருக்காவிட்டால்? ஏற்கெனவே உச்சியில் இருக்கும் சர்க்கரையில் நானே தேனையும் ஊற்றி, ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தை நானே. ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். காது மடல் ஓரத்தில் குத்தினால் போதும். ஆனால் சர்க்கரை பார்க்கும் மெஷின் அப்பா பையில் போயிருக்கிறது. வீட்டில் மெஷின் ஒன்றுதான், சர்க்கரை நோயாளி இரண்டு, தவிடும் அப்பாவும். கல்யாண வீடு என்றால் அப்பா அதை எடுத்துப் போவார், பார்த்துவிட்டுத்தான் பாயசமா வேண்டாமா என்று முடிவு செய்வார், எப்போதும் பாயசம் என்றுதான் முடிவு செய்வார்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். பக்கத்து அறையில் மணி அடித்தது. சார்ஜில் போட்டு மறந்திருக்கிறார். அங்கே அடிக்கும் மணிச் சத்தத்துக்குத் தவிடு காதைத் திருப்பினாளா? இடது காது லேசாக அசைந்தது, அல்லது ஃபேன் காற்று. அம்மாவுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. அவள் இந்நேரம் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் பூத்தட்டைப் பிடித்துக்கொண்டு, உன் மக ஏன் வரல என்று கேட்பவர்களிடம் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். பூனைக்காக என்று சொன்னால் சிரிப்பார்கள். ஏற்கெனவே சிரித்தார்கள். "பூனைக்கு சுகரா? அப்ப எலி எல்லாம் சுகர்ஃப்ரீயா வாங்கிக் குடுக்கீங்களா?" என்று பெரியப்பா மகன் கேட்டு, அதற்குச் சபையே சிரித்தது, அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார், வீட்டுக்கு வந்து தவிட்டை மடியில் வைத்துக்கொண்டு, "நம்ம ரெண்டு பேரும் ஒரே கம்பெனி, என்னட்டி" என்றார் அவளிடம். அது உண்மை. அவருக்கு எழுதிக் கொடுத்த அதே மருந்தைத்தான் டாக்டர் அவளுக்கும் சொன்னார், ஃப்ரிட்ஜ் கதவில் முட்டைக் குழியில் ஒரே குப்பி, அவருக்கு நிறையக் கோடு, அவளுக்கு ஒரு கோடு. காலையில் நாற்காலியில் உட்கார்ந்து அவளை மடியில் போட்டுக்கொள்வார், தன் வயிற்றில் ஒன்று, அவள் பிடரியில் ஒன்று, யாருக்கு முதலில் என்று ஒரு வரிசை கிடையாது, அவள் அசையாமல் இருந்தால் அவளுக்கு, திமிறினால் தனக்கு. எழுந்து போய் ஊசி போடும் டப்பாவைப் பார்க்கலாம். பார்த்து என்ன, அவருடையதும் அவளுடையதும் ஒரே மாதிரி ஊசி, அவர் தன்னுடையதைத் தூக்கிப் போடாமல் நாலு நாளைக்கு வைத்துக்கொள்வார். எழுந்தும் போக முடியாது. கோட்டுக்கு இன்னும் இருக்கிறது. சொட்டு. சொட்டு. சித்தப்பாவுக்குப் போட்டேன். அடித்து அடித்து நின்றது.

"தவிடு" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. நான் சத்தமாகக் கூப்பிடவில்லையோ. என் குரல் எப்போதும் அப்படித்தான், பஸ்ஸில் டிக்கெட் கேட்டால் கண்டக்டர் மூன்று தடவை என்ன என்பார். இன்னொரு தடவை கூப்பிட்டேன். வால் நுனி அசைந்த மாதிரி இருந்தது. கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் திரும்பினாளா இல்லையா என்று பார்க்க வேண்டியிருக்கும், அதனால் கதை சொல்ல ஆரம்பித்தேன், தாத்தா சொல்கிற அந்த அரக்கன் கதை, உயிரைத் தன் உடம்பில் வைக்காமல் ஏழு மலைக்கு அப்பால் ஒரு வண்டுக்குள் வைத்திருக்கிறானே, அவனை வெட்டினாலும் குத்தினாலும் சாக மாட்டான், எங்கேயோ ஒரு வண்டின் சிறகைக் கிள்ளினால் இங்கே இவன் கை விழுந்துவிடும். தாத்தாவிடம் கதை கேட்டால் வரிக்கு வரி "ம்" கொட்ட வேண்டும். "ம்" நின்றால் அவரும் நிறுத்திவிடுவார், கேட்கிறவன் தூங்கிய பிறகு கதை சொல்வது பாவம் என்பார், கதைக்குள் இருப்பவர்கள் பாதி வழியில் நின்றுபோவார்களாம். அரக்கன் கிணற்றில் இறங்கினான் என்ற இடத்தில் நான் தூங்கிவிட்டால், மறுநாள் வரைக்கும் அவன் கிணற்றுக்குள்ளேயே நிற்பான். தவிடு முன்பு கர்கர் என்று உறுமிக்கொண்டே இருப்பாள், அதை நான் "ம்" என்று எடுத்துக்கொள்வேன். இப்போது உறுமல் இல்லை. மூச்சு மட்டும் இருக்கிறது, வாயிலிருந்து அந்த வாடை, மூத்திரமும் துருவும் கலந்த மாதிரி ஒரு வாடை, சிறுநீரகம் வெளியே தள்ளாதது வாய் வழியாக வருகிறது. எச்சில் கொஞ்சம் வழிந்து என் கால்சட்டையில் ஈரமாக இருந்தது. எச்சில் வழிவது எந்த நோய்? அதுவும் இரண்டுக்கும்.

போன தடவை டாக்டர் தவிட்டின் ஈறைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார், நெடுநேரம் கழுவினார். "கிட்னி முடிஞ்சுபோச்சும்மா. சர்க்கரையைப் பிடிச்சு வச்சிருக்கோம், இதை யாராலயும் பிடிக்க முடியாது. இனிமே அது கஷ்டப்படாம இருக்கணும்ங்கறதுதான். யோசிச்சிட்டு வாங்க." எதை யோசிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, எங்களுக்கும் தெரிந்திருந்தது. அப்பா கூடையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்து, ஆட்டோவில் ஏறிய பிறகு, "யோசிக்கதுக்கு என்ன இருக்கு, அவருக்கு நேரம் கெடந்தா அவரு யோசிக்கட்டும்" என்றார். அதற்கப்புறம் நாங்கள் அதைப் பேசவில்லை. பேசாமலே யோசித்தோம், நான் யோசித்தேன். அந்த யோசனை இப்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அப்பா போட்டிருந்தால், நான் தேன் தடவாவிட்டால், இந்தப் பாட்டில் இறங்கும் நேரத்துக்குள் எல்லாம் தானாக முடிந்துவிடும். யாரும் தீர்மானிக்க வேண்டாம். டாக்டர் வேண்டாம், அந்த மேசையில் போடும் கடைசி ஊசி வேண்டாம். ஊசியைத் தொட்டியில் பீய்ச்சியது நான், விதிப்படி நடந்தது நான், சந்தேகம் இருந்தால் போடாதே என்றார், போடவில்லை, என் கை சுத்தம். டம்ளர்மேல் போடலாம், சித்தப்பாமேல் போடலாம். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு சுலபம், அதுவும் எழுந்திருக்கக் கூடாது என்று ஒரு காரணம் மடியிலேயே இருக்கும்போது. நினைத்தது என் தலையா என்று பயந்து தவிட்டின் முகத்தைப் பார்த்தேன். கண் பாதி மூடியிருந்தது. வெளியே எவனோ ஒருவன் பழைய பிளாஸ்டிக் வாங்குகிறேன் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே போனான், பக்கெட், குடம், உடைந்த நாற்காலி.

போன் அடித்தது. சித்தப்பா. பின்னால் நாதஸ்வரமும் மேளமும் பிள்ளைகள் கத்துவதும். "என்னம்மா, இத்தனை தடவை அடிச்சிருக்க? காய்ச்சல் எப்படி இருக்கு உனக்கு?" சிரித்தார். "சித்தப்பா, காலையில நம்ம வீட்டுல தண்ணி குடிச்சீங்களா?" "குடிச்சேன். ஏன், மோட்டார் போடணுமா?" "ஃப்ரிட்ஜ் மேல இருந்த டம்ளர்லயா? அது கவுந்து இருந்துச்சா நிமிந்து இருந்துச்சா?" "டம்ளரு டம்ளர் மாரி இருந்துச்சும்மா. அண்ணே, இந்தா, உம் பிள்ளைக்குக் காய்ச்சல் கூடிப்போச்சு போல, ஏதோ கேக்கா." அப்பா வந்தார். என்னட்டி என்றார். நான் ஒரு மூச்சில் கேட்டேன், தவிட்டுக்குப் போட்டீங்களாப்பா. "போட்டேனே" என்றார். அப்புறம், "போட்டேம்லா?" என்றார். "அப்பா." "இரு, இரு. நாற்காலியில உக்காந்தேன். அவ மடியில இருந்தா. ஒண்ணு போட்டேன், அது நல்லா ஞாபகம் இருக்கு. ரெண்டாவதுக்கு எந்திரிக்கேன், இவன் ஹாரன் அடிக்கான். ஊசியை டப்பாவுல போட்டுட்டு வந்துட்டேன்." "அந்த ஒண்ணு யாருக்குப்பா?" போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "எவ்வளவு இழுத்தீங்க, அவளுக்கு இழுக்க மாரியா, உங்களுக்கு இழுக்க மாரியா?" "கை பழக்கத்துல இழுக்குது, மனசு எங்கட்டி பாக்குது" என்றார். இவ்வளவு சின்னக் குரலில் அப்பா பேசி நான் கேட்டதில்லை. "டம்ளரைக் கவுத்தேனா? கவுத்திருந்தா அவளுக்கு."

எனக்கு அப்போது ஒரே ஒரு விஷயம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. "அப்பா, மெஷின் உங்க கிட்டதான இருக்கு. நீங்க சாப்பிட்டீங்களா?" "இல்ல, இன்னும் பந்திக்கு உக்காரல. ஒரு காப்பி, சீனி இல்லாம." "உங்களுக்குப் பாருங்க. இப்பவே." அவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. அப்புறம் போனோடு நடப்பது கேட்டது, கை கழுவும் இடம், தண்ணீர்ச் சத்தம், யாரோ இலை கேட்பது, சித்தப்பா "என்ன, எங்க போற, வடை வந்துட்டு" என்பது, பையின் ஜிப். எங்கேயோ சங்கரன்கோவிலில் ஒரு மண்டபத்துப் பின்கட்டில் அப்பா தன் விரலைக் குத்துகிறார். இங்கே மடியில் தவிடு. ஏழு மலைக்கு அப்பால் ஒரு வண்டு. நான் சின்ன வயதில் கேட்பேன், தன் உயிர் எந்த வண்டுக்குள் இருக்கிறதென்று அரக்கனுக்குத் தெரியுமா, தாத்தா அதற்குப் பதில் சொல்லாமல் "ம் கொட்டு" என்பார். மெஷின் கூவியது போனில் கேட்டது. குறைந்திருந்தால் அப்பா போட்டுக்கொண்டார், தவிடு தப்பித்தாள், மெதுவாகச் சாகட்டும். கூடியிருந்தால்.

"முந்நூத்தி நாப்பது" என்றார் அப்பா. "நான் போட்டுக்கலட்டி."

பாட்டிலில் கோட்டுக்கு இன்னும் இரண்டு விரல் இருந்தது. சுலபமாக இருந்த அந்தக் காரணம் இன்னும் மடியில் இருந்தது. ஒரு சொட்டு விழுவதைப் பார்த்தேன். இன்னொன்று. அப்பா போனில் எதுவும் சொல்லவில்லை, தேன் என்றும் சொல்லவில்லை, ஓடு என்றும் சொல்லவில்லை, அவரும் அதே இடத்தில் வந்து நின்றுவிட்டார் என்று எனக்குத் தோன்றியது, கேட்காமலே தோன்றியது, அவர் மூச்சு மட்டும் கேட்டது. மூன்றாவது சொட்டு விழுவதற்குள் ஊசியை உருவிவிட்டேன். குழாய் அந்தரத்தில் ஆடித் தரையெல்லாம் உப்புநீர். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன், தலை என் முதுகில் இடித்தது, எடை இல்லை, துவைத்த துண்டு மாதிரி தொங்கினாள், கால் ஒன்று இழுத்து இழுத்து விட்டது, இது சிறுநீரகம் இல்லை, இது சர்க்கரை இறங்கியதுதான். தேன் பாட்டில் மூடி இறுகியிருந்தது, மூடிக்கடியில் எறும்பு. பல்லால் திருகினேன். விரலை முழுதாக விட்டு எடுத்து அவள் உதட்டைத் தூக்கி ஈறில் தேய்த்தேன். ஈறு வெளிறிக் குளிர்ந்து கிடந்தது, தேன் பட்டது பட்டபடி அப்படியே இருந்தது. இன்னொரு விரல். தரையில் உட்கார்ந்துவிட்டேன், ஃப்ரிட்ஜில் முதுகைச் சாய்த்து. மேலே அந்த டம்ளர். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தேன். "தவிடு" என்றேன், என் குரல் சமையலறை முழுக்கக் கேட்டது. நாக்குக்கு அடியில் தேய்த்தேன். ஒன்றும் இல்லை. மறுபடியும் விட்டேன், இந்த முறை பல்லுக்கு உள்ளே, கடைவாய் வரைக்கும். விரல் அவள் வாய்க்குள் இருக்கும்போது என் கைக்கு அடியில் ஏதாவது நின்றுவிட்டால் என் விரலுக்கு முதலில் தெரியும் என்று நினைத்தேன்.

கடித்தாள். முதலில் பல் வெறுமனே அமுங்கியது, அப்புறம் நிஜமாகவே, நகத்துக்குப் பக்கத்தில், ரத்தம் வருகிற மாதிரி. விரலை எடுக்கவில்லை.

"என்னட்டி ஆச்சு?" என்றார் அப்பா. அவருக்குப் பின்னால் மேளம் கொட்டி முழக்கினார்கள், தாலி கட்டியிருப்பார்கள்.

"கடிச்சிட்டாப்பா."

"நல்லாக் கடிக்கட்டும்" என்றார். "சொல்லு. வைக்காத. என்ன செய்தான்னு சொல்லிக்கிட்டே இரு."

"தேனை முழுங்குதா. தொண்டை அசையுது."

"ம்."

"கண்ணை முழிச்சிப் பாக்கா. என்னைப் பாக்கல, தட்டைப் பாக்கா."

"ம்."

"கோழியைக் கொஞ்சம் விரல்ல எடுத்து வச்சிருக்கேன். மோந்து பாக்கா."

"ம்" என்றார் அப்பா.

"நக்குதாப்பா."

"ம்."

"காலை ஊனி எந்திரிக்கப் பாக்கா. விழுந்துட்டா. இல்ல, இருங்க, மறுபடி பாக்கா."

"ம்."